டாங்கிளை இடம் மாற்றுங்கள்: லினக்ஸ் மவுஸ், கீபோர்டு கேள்வி-பதில்

என் மவுஸ் உபுண்டுவில் வேலை செய்யவில்லை. உடனே தீர்வு சொல்லவும்.

எந்த மவுஸ்? கம்பியா, டாங்கிளா (யுஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர்), புளூடூத்தா? கையை நீட்டாமல் நாடி பார்க்கச் சொன்னால் எப்படி? டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) என்ற கட்டளையைக் கொடுங்கள். உங்கள் மவுஸின் வரியில், நாலும் நாலுமாக எட்டு எழுத்தில் ஓர் அடையாள எண் இருக்கும். அதை அனுப்புங்கள். அந்த வரியே வரவில்லையா? போர்ட், கம்பி, மவுஸ் இவற்றில் ஏதோ ஒன்று போய்விட்டது.

புதுக் கீபோர்டின் பெட்டியில் விண்டோஸ், மேக் என்றுதான் போட்டிருக்கிறது. லினக்ஸ் டிரைவர் எங்கே கிடைக்கும்?

தேடவே வேண்டாம். எச்ஐடி என்ற பொது முறைப்படி செய்த கீபோர்டுக்கான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. செருகுங்கள், தட்டுங்கள். ஆனால் பழைய கம்பி கீபோர்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வயர்லெஸ் மவுஸ் விண்டோஸில் நன்றாக ஓடியது. லினக்ஸுக்கு மாறியதிலிருந்து தத்தித் தத்திப் போகிறது. கெர்னலை மாற்றலாமா? பேக்கப்புக்காகப் புதிதாக ஒரு யுஎஸ்பி 3 டிஸ்க் மாட்டியிருக்கிறேன்.

இன்னும் எத்தனை தடவைதான் இதை எழுதுவது! விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் பேக்கப் எடுக்கிறார்கள், அதற்கு ஒரு டிஸ்க் மாட்டுகிறார்கள், டாங்கிள் அதன் பக்கத்துப் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பழி மட்டும் லினக்ஸ் தலையில்.

யுஎஸ்பி 3 கம்பியில் விநாடிக்கு 5 ஜிகாபிட் ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமாக இரைச்சல் கசிகிறது. உங்கள் மவுஸ் டாங்கிளோடு பேசுவதும் அதே 2.4இல்தான். தவில்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பேசுவது போல. இன்டெல்லே 2012இல் இதை அறிக்கையாகப் போட்டுவிட்டது, ஆனாலும் கடிதங்கள் குறையவில்லை.

டிஸ்கைக் கழற்றிவிட்டு மவுஸை ஆட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சந்தேகமே வேண்டாம். இரண்டு, மூன்று அடியில் ஒரு யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கம்பி வாங்கி, டாங்கிளை மவுஸ் பேட் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். நானும் ஏமாந்தவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பேட்டரி மாற்றி, டிஸ்ட்ரோ (உபுண்டு மாதிரி லினக்ஸ் வகை) மாற்றி மண்டையை உடைத்துக்கொண்டேன். சாயங்காலம் மகள் படம் பார்க்க டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு போனாள், மவுஸ் சரியாகிவிட்டது.

லேப்டாப்பில் யுஎஸ்பி மவுஸ் இரண்டு விநாடி சும்மா இருந்தால் தூங்கிவிடுகிறது. க்ளிக் செய்தால்தான் எழுகிறது.

மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பவர்டாப் (powertop) நிரலில் ஆட்டோ-டியூன் கொடுத்தீர்களா? கொடுத்திருப்பீர்கள். சும்மா இருக்கும் சாதனத்தைச் சுமார் 2 விநாடியில் தூங்க வைக்கும் ஏற்பாட்டை அது மவுஸுக்கும் போட்டுவிடும். ட்யூனபிள்ஸ் பக்கத்தில் மவுஸின் வரியில் என்டர் தட்டினால் ‘குட்’ என்பது ‘பேட்’ ஆகும். நமக்கு அந்த ‘பேட்’தான் நல்லது. ரீபூட் செய்தபின் மறுபடி ஆட்டோ-டியூன் ஓட்டாதீர்கள்.

ஷிஃப்ட்+2 தட்டினால் அட் குறிக்குப் பதில் மேற்கோள் குறி வருகிறது.

யுகே லேஅவுட்டை, அதாவது பிரிட்டிஷ் விசை அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நம் கடைகளில் விற்பவை பெரும்பாலும் யுஎஸ் வகை. இந்திய ஆங்கிலம், ரூபாய் குறியோடு என்று இருப்பதை வையுங்கள். வலது ஆல்ட்+4இல் ₹ குறியும் வரும்.

தமிழ்99 விசைமுறையில் அடிக்க எழுத்து ஒட்டிய தனிக் கீபோர்டு வாங்க வேண்டுமா? அமைப்பில் தமிழ்நெட்99 சேர்த்தும் புள்ளி தானாக விழவில்லை.

சாதாரணக் கீபோர்டு போதும். ஸ்டிக்கர் மூன்றே மாதத்தில் தேய்ந்துவிடும், அதற்குள் விரல் பழகிவிடும். நீங்கள் சேர்த்தது வெறும் லேஅவுட். அதற்கு ஒரு தட்டுக்கு ஓர் எழுத்துதான் தெரியும். தட்டுகளைச் சேர்த்து எழுத்தாக்கும் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பை நிறுவி, ஒரு தடவை வெளியேறி உள்ளே வந்து, இன்புட் சோர்ஸில் எம்17என் என்று குறித்த தமிழ்99ஐச் சேருங்கள். அப்புறம் அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டுங்கள். ‘அம்மா’ வரும், புள்ளி அதுவாகவே விழும்.

டிஸ்கை என்கிரிப்ட் செய்திருக்கிறேன். பூட் ஆகும்போது பாஸ்வேர்டு கேட்கிறது, புளூடூத் கீபோர்டு அசையவில்லை.

அந்த நேரத்தில் புளூடூத் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. யுஎஸ்பி டாங்கிள் கீபோர்டு என்றால் வேலை செய்யும், ஏனென்றால் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அது கம்பி கீபோர்டு மாதிரிதான். பழைய கம்பி கீபோர்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கேமிங் மவுஸின் விளக்கு கண்ணைக் குத்துகிறது. அணைக்க வழி உண்டா?

பைப்பர் (Piper) என்ற மவுஸ் அமைப்பு நிரலை நிறுவிப் பாருங்கள். லாஜிடெக்கின் பல கேமிங் மவுஸ்களை அது அடையாளம் காணும். ரேசர் கம்பெனி மவுஸ் என்றால் ஓபன்ரேசர் (OpenRazer). இரண்டிலும் உங்கள் மவுஸ் தென்படவில்லையா? முதல் பதிலில் சொன்ன அந்த எட்டு எழுத்து அடையாள எண்ணை அனுப்புங்கள், போட்டோ வேண்டாம்.