அரை மணி நேரப் பேச்சும் ஒரு வரிச் செய்தியும்

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணையும் பதப்படுத்தும் ஆலையும் நடத்தி வருகிறேன். பண்ணைக் கழிவுநீர் கடலில் கலப்பதாக மீனவர்கள் கொடுத்த புகாரைப் பற்றி ஒரு நாளிதழ் நிருபர் கேட்டபோது, அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினேன். ஆனால், 'வேலையில்லாதவர்கள் கிளப்பிவிடும் புரளி' என்று இடையில் சொன்ன ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதே நாளிதழுக்கு விளம்பரம் கொடுப்பவன் நான். ஊடகங்களை எப்படிக் கையாள்வது? சென்னையில் ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) நிறுவனத்தை அமர்த்திக்கொள்ளலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லாத எதையும் அவர்கள் போடவில்லை என்பதை உங்கள் கடிதமே ஒப்புக்கொள்கிறது. சொன்னவற்றுள் எதைப் போடுவது என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு அரை மணி நேரம் பேசியவர் நீங்கள்.

மாவட்டப் பக்கத்தில் இப்படிப்பட்ட செய்திக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. புகார் என்ன, கொடுத்தவர்கள் யார், மீன்வளத் துறை அதிகாரி என்ன சொல்கிறார் என்பதெல்லாம் போக, உரிமையாளருக்கு மிஞ்சுவது இரண்டு வாக்கியம். காலையில் இலங்கைச் சிறையிலுள்ள மீனவர்களை விடுவிக்கக் கோரித் தங்கச்சிமடத்தில் உண்ணாவிரதம், மதியம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம், சாயங்காலம் உங்கள் பண்ணை என்று வண்டியிலேயே அலைந்துவிட்டு, பக்கம் முடிவதற்குள் சாலையோரம் நின்று கைப்பேசியில் செய்தியைத் தட்டி அனுப்பும் நிருபர், உங்கள் அரை மணி நேரத்திலிருந்து இரண்டு வாக்கியத்தைத்தான் எடுக்க முடியும். மற்றதெல்லாம் தொழில் நுணுக்கமாகவும் தற்பெருமையாகவும் இருந்து, வசவு மட்டும் பச்சைத் தமிழில் இருந்திருந்தால், அவர் எதை எடுப்பார் என்று நினைக்கிறீர்கள்?

ஆகவே அந்த இரண்டு வாக்கியங்களை நிருபர் வருவதற்கு முன்பே நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். 'கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் எங்கள் பண்ணை பதிவு பெற்றிருக்கிறது, எண் இது. அறுவடையின்போது வடிக்கும் நீரைத் தனிக் குட்டையில் தேக்கித் தெளியவைத்து, சோதித்த பிறகே வெளியேற்றுகிறோம். கடைசிச் சோதனையின் அறிக்கை இதோ' என்று சொல்லி, பதிவுச் சான்றின் நகலையும் அறிக்கையின் நகலையும் கையில் கொடுத்திருந்தால், அவர் அதைத்தான் எழுதியிருப்பார். வேறு கேள்வி கேட்டாலும் சுற்றி வந்து இந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அப்படிச் சொல்ல உங்களிடம் குட்டையும் இல்லை, அறிக்கையும் இல்லையென்றால், முதலில் குட்டையை வெட்டுங்கள். நிருபரைப் பிறகு கூப்பிடலாம்.

பெரிய நிறுவனத் தலைவர்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்துக்காகத் துரப்பணம் செய்துகொண்டிருந்த மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கச்சா எண்ணெய் மாதக்கணக்கில் கடலில் கொட்டி, மீன்பிடித் தொழில் முடங்கிப்போனது. மே மாதக் கடைசியில் லூசியானா கரையில் நின்று பேசிய அந்நிறுவனத் தலைவர் டோனி ஹேவார்டு, மக்களின் வாழ்க்கையைக் குலைத்ததற்கு வருந்துகிறோம் என்றுதான் தொடங்கினார். தொடர்ந்து, இது முடிய வேண்டும் என்று என்னைவிட அதிகமாக விரும்புபவர் யாருமில்லை, என் பழைய வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். முன்னால் கேட்ட மன்னிப்பு யார் நினைவிலும் இல்லை. அவர் பின்னர் அந்தச் சொல்லுக்காகத் தனியே வருத்தம் தெரிவித்தும் பயனில்லாமல், அந்த ஆண்டுக்குள்ளேயே பதவி விலகினார். பாதிக்கப்பட்டவர்கள் முன்னால் நின்றுகொண்டு தன் கஷ்டத்தைப் பேசியதுதான் அவர் செய்த பிழை. நீங்கள் ஒருபடி மேலே போய், புகார் கொடுத்தவர்களையே இழிவாகப் பேசியிருக்கிறீர்கள். விடியுமுன் வலையோடு இறங்குகிறவரை வேலையில்லாதவர் என்று சொல்லிவிட்டு, அதை அச்சில் பார்த்ததும் வருத்தப்படுகிறீர்கள்.

இறால் பண்ணை என்றாலே இந்தக் கரையில் சந்தேகம் ஏன் முந்திக்கொண்டு வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், பாரம்பரிய முறையிலானவை நீங்கலாக, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் எனப்படும் கட்டுப்பாடுள்ள கரையோரப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஆணையம் அமைத்து, பதிவைக் கட்டாயமாக்கிய பிறகே இந்தத் தொழில் சட்டப்படி நிலைபெற்றது. குடிநீர்க் கிணறு உப்பாகிப்போன கதைகள் கடலோர ஊர்களில் இன்றும் பேசப்படுகின்றன. அந்தப் பழைய கணக்கோடுதான் நிருபர் உங்கள் வாசலுக்கு வருகிறார். அதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்றாலும், பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

நம் ஊர் முதலாளிகள் பலரும் மனம்போல் பேசித் தீர்த்துவிட்டு, எழுந்திருக்கும்போது 'இதைப் பேப்பரில் போட்டுவிடாதீர்கள்' என்பார்கள். போடக் கூடாதது என்ற நிபந்தனை பேசுவதற்கு முன்னால் வைக்கப்பட்டு, நிருபரும் சரி என்று ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே செல்லும். பேசி முடித்தபின் கேட்பது வேண்டுகோள். மதிப்பதும் மதிக்காததும் அவர் விருப்பம். அச்சுக்குப் போகுமுன் செய்தியை எனக்குக் காட்டுங்கள் என்று கேட்பதும் வீண். தொழில்நுட்பச் சொல்லிலோ எண்ணிலோ ஐயம் இருந்தால் இரவு எத்தனை மணிக்கும் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, கூப்பிட்டால் எடுங்கள். 'உரிமையாளரைத் தொடர்புகொள்ள முயன்றும் இயலவில்லை' என்ற வாக்கியம் உங்கள் வசவைவிடவும் கெடுதல் செய்யும்.

விளம்பரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த பணத்துக்கு உரிய சதுர சென்டிமீட்டர் இடத்தை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்ததும் வாசலில் நீட்டப்படும் 'கவர்' அதைவிட மோசம். அதை வாங்குகிறவர் நாளை உங்கள் போட்டியாளரிடமும் வாங்குவார். வாங்க மறுக்கிறவர் உங்களிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்.

பி.ஆர். நிறுவனம் உங்கள் விருப்பம். வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களுக்குக் கடிதம் எழுத அவர்கள் உதவலாம். ஆனால் அவர்கள் அனுப்பும் ஆங்கில அறிக்கையைத் தேவிபட்டினத்தில் யார் படிப்பது? உங்கள் பண்ணையில் நீரின் உப்புத்தன்மையைத் தினமும் அளக்கிற மேலாளர் இருப்பார். அவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள், அது போதும்.

வந்த செய்தியில் பிழை இருப்பதாகக் கருதினால், முதலில் அந்த ஆசிரியருக்கு எழுத வேண்டும். தீராவிட்டால், நாளிதழ் என்பதால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள், பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலில் புகார் செய்யலாம். அது கண்டிக்கும், அபராதம் விதிக்காது. ஆனால் நீங்கள் சொன்னதைச் சொன்னபடி போட்டதற்காக எந்த மன்றமும் யாரையும் கண்டிக்காது என்பதால், அந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் யோசனை. புகார் கொடுத்த மீனவர்களிடம் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவதாக நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அதை அதே நிருபரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தோடு நான்கு பக்க மறுப்பு ஒன்றை இணைத்து, அதை நம் இதழில் வெளியிடக் கேட்டிருக்கிறீர்கள். தாத்தா காலத்துக் கருவாட்டு வியாபாரத்தில் தொடங்கி, வாங்கிய ஏற்றுமதி விருது வரை அதில் எல்லாம் இருக்கிறது. பண்ணை நீர் எங்கே போய்ச் சேருகிறது என்பது மட்டும் இல்லை. அந்த ஒரு பத்தியைச் சோதனை அறிக்கையின் நகலோடு எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் இடம் தருகிறேன்.