செவில் நகரத்துக் கையுறை

கேள்வி: போர்த்துகலும் ஸ்பெயினும் கடல் வரைபடங்களைப் பூட்டி வைத்திருந்தனவாம். அப்படியிருக்க இங்கிலாந்தும் ஹாலந்தும் எப்படிக் கற்றன? ஒற்றர்களை அனுப்பித் திருடித்தானே? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: திருட்டும் நடந்தது. 1502இல் இத்தாலியின் ஃபெராரா கோமகனின் ஆள் ஆல்பர்ட்டோ கான்டினோ, போர்த்துகலின் புதுக் கடல்வழிகள் எல்லாம் அடங்கிய உலகப்படம் ஒன்றை 12 தங்க டுகாட் கொடுத்து லிஸ்பனிலிருந்து கடத்திப்போனார். இன்றும் அது மொடெனா நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஃபெராரா ஒரு கப்பலைக்கூட இந்தியாவுக்கு அனுப்பவில்லை. ஆடுகிற தளத்தில் காலை ஊன்றி, நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து, அன்றைய தேதிக்குரிய சூரிய விலக்கத்தை (நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ சூரியன் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை) அட்டவணையில் பார்த்து, கூட்டிக் கழித்து ‘இந்த அட்சரேகையில் நிற்கிறோம்’ என்று சொல்லத் தெரிந்த மீகாமன், அதாவது கப்பலுக்கு வழிகாட்டுபவன், வேண்டாமா? அந்த வித்தை படத்தோடு சேர்ந்து வராது. யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சொல்லியும் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் மேரி ராணிக்கு ஸ்பெயினின் பிலிப் கணவராக இருந்த காலம். 1558இல் ஸ்டீஃபன் பரோ என்ற ஆங்கில மாலுமி செவில் நகரம் போனார். மீகாமர்களுக்குப் பாடம் நடத்தி, தேர்வு வைத்து, உரிமம் கொடுத்த ஸ்பானிய அலுவலகம் அங்கேதான் இருந்தது. விருந்தாளியாக வரவேற்று, ஐந்தாறு டுகாட் பெறும் நறுமணக் கையுறைகளைப் பரிசாகவும் கொடுத்தார்கள். ஊர் திரும்பிய பரோவின் முயற்சியால், மார்ட்டின் கோர்ட்டேஸ் எழுதிய கப்பலோட்டும் கலைநூல் 1561இல் ஆங்கிலத்தில் வந்தது. மூலநூலை யாரும் ஒளித்துவைக்கவில்லை. 1551இலேயே செவிலில் அச்சாகிவிட்டது. 1588இல் ஸ்பானிய அர்மடா படையெடுத்து வந்தபோது, ஸ்பெயினின் பாடத்தை ஆங்கில மாலுமிகள் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் ‘திருட்டு’ என்றால் சொல்லிக்கொடுத்த வாத்தியார்கள் எங்கே போவார்கள்?

மிரட்டிப் பெற்றதும் உண்டு. 1578இல் ஆங்கிலக் கப்பல் தலைவர் டிரேக், நூனோ ட சில்வா என்ற போர்த்துகீசிய மீகாமனைக் கப்பலோடு பிடித்தார். ஓராண்டுக்கு மேல் கூடவே வைத்து வழிகேட்டுவிட்டு, மெக்சிகோ கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பாவம், அந்த மனிதர் ஸ்பானியரிடம் சிக்கி விசாரணைக்கு ஆளானார்.

ஹாலந்துக்காரர் லின்ஸ்கோட்டன் கதை வேறு. அவர் கோவாவுக்குப் போனது பிழைப்புக்காக. பேராயரிடம் எழுத்தர் வேலை. அங்கே இருந்த ஆண்டுகளில் போர்த்துகீசிய மீகாமர்களின் வழிக்குறிப்புகளைச் சேர்த்துவைத்தார். அவர் ஊர் திரும்பிய பின் அவை 1595இல் டச்சு மொழியில் அச்சாயின. போர்த்துகீசியர் காவல் காக்கும் மலாக்காவை விட்டுச் சுந்தா நீரிணை வழியே போகச் சொன்னவர் அவர்தான். அந்த வழியில் வந்த டச்சுக்காரர் ஹவுட்மனின் கப்பல்கள் 1596 ஜூனில் ஜாவாவின் பான்டெனில் நங்கூரம் பாய்ச்சின.