பழைய பிக்கப்பின் மீட்டர் போர்டும் வயரிங்கும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

என் 1970 செவ்ரோலே சி10-இன் புது மீட்டர் போர்டு படத்தைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருக்கும் நம் ஆட்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள்.

அண்ணா, என்னுடையது 1969 சி10. புது மீட்டர் செட் மாட்டினேன். டேங்க் நிரப்பினால் பெட்ரோல் முள் பாதியைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. ஓட்ட ஓட்ட மேலே ஏறுகிறது! மீட்டர் பழுதா?

மீட்டரும் நல்லது, டேங்க் யூனிட்டும் (டேங்குக்குள் பெட்ரோல் அளவை அறிந்து மீட்டருக்குச் சொல்லும் கருவி) நல்லது தம்பி. இரண்டுக்கும் கணக்குதான் ஒத்துப்போகவில்லை. உங்கள் வண்டியின் டேங்க் யூனிட்டின் மின்தடை காலியில் 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். புதுச் செட்கள் பலவற்றுக்குக் காலி என்றால் 240, நிறைவு என்றால் 33. டேங்க் நிறைந்து 90 ஓம் வரும்போது அந்த மீட்டருக்கு அது பாதிக்குச் சற்று மேல். பெட்ரோல் தீர்ந்து 0-வை நெருங்கும்போது ஃபுல்லையும் தாண்டிவிடும்.

0-90 மீட்டராக மாற்றுங்கள், அல்லது மீட்டருக்கேற்ற டேங்க் யூனிட் போடுங்கள். டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் யூனிட்டை மாற்றினால் கேஸ்கெட்டும் புதிதாகவே இருக்கட்டும். கசிந்தால் பெட்ரோல் வாடை முழுக்க உங்கள் மூக்கில்தான் ஏறும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். 1965-க்கு முந்தைய செவ்ரோலே என்றால் 0-30 ஓம். அந்தக் கால ஃபோர்டு தலைகீழ்: காலியில் சுமார் 73, நிறைந்தால் சுமார் 10. மீட்டர் ஆர்டர் போடுவதற்கு முன் டேங்க் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

1966 ஃபோர்டு எஃப்-100. பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டு முள்ளும் சேர்ந்தே உச்சிக்குப் போகின்றன. எஞ்சின் சூடாகவே இல்லை.

இரண்டும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் இரண்டுக்கும் பொதுவானதைப் பிடியுங்கள். மீட்டர் போர்டின் பின்னால் ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுதான் வோல்டேஜ் ரெகுலேட்டர். 12 வோல்ட்டை விட்டுவிட்டுத் தந்து, சராசரியாக 5 வோல்ட் அளவுக்கு இறக்கி மீட்டர்களுக்குக் கொடுக்கும். அது கெட்டாலும், அதன் எர்த் போனாலும் முழு 12 வோல்ட் உள்ளே போய்விடும். முதலில் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், சரியாகாவிட்டால் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வாங்கிப் போடுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம், மீட்டரின் உள்சுற்று எரிந்துவிடும்.

சார், என் டாட்ஜ் டி100-இல் ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. பழைய அழகு, அப்படியே விட்டுவிடலாமா?

அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மின்சாரத்துக்கு வேண்டாம். டாட்ஜில் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மொத்தக் கரண்டும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள முன்சுவரில் இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டரைக் கடந்து, டேஷ்போர்டுக்குள் ஆம்பியர் மீட்டர் வழியாகப் போய், திரும்ப அதே கனெக்டர் வழியாக வெளியே வருகிறது. ஐம்பது அறுபது வருடத்தில் அந்தக் கனெக்டர் பின்களில் துரு ஏறும், துரு ஏறினால் சூடாகும், சூடானால் பிளாஸ்டிக் உருகும். கருகிய கனெக்டரை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒரு தடித்த வயர், நடுவில் அதற்கேற்ற ஃப்யூசிபிள் லிங்க் (கரண்ட் மிஞ்சினால் ஃப்யூஸ் போல உருகி அறுந்துவிடும் வயர்த் துண்டு). ஆம்பியர் மீட்டரின் இரண்டு வயர்களையும் மீட்டரிலிருந்து கழற்றி ஒரே போல்ட்டில் இறுக்கி, நன்றாக மூடிவிடுங்கள். பக்கத்தில் ஒரு வோல்ட் மீட்டர் வையுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.6, ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சார்ஜிங் சரி. என் சி10 வகை வண்டிகளில் இந்த ஆபத்து இல்லை. அவற்றின் ஆம்பியர் மீட்டருக்கு ஃப்யூஸ் போட்ட மெல்லிய வயர்கள்தான் போகும்.

எல்லா பல்பையும் எல்இடி ஆக்கினேன். ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவே இல்லை அண்ணா.

சார்ஜ் விளக்கில் மட்டும் பழைய இழை பல்பைத் திரும்பப் போடுங்கம்மா. அந்த பல்ப் வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது; எல்இடி வழியாக அவ்வளவு போகாது. இண்டிகேட்டர் வேகமாக அடித்தாலோ அடிக்காமலே நின்றாலோ இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் ஃப்ளாஷரை எலக்ட்ரானிக் வகையாக மாற்றுங்கள்.

ஆயில் பிரஷர் மீட்டர் எது நல்லது, ஆயிலே மீட்டர் வரை வரும் குழாய் வைத்ததா, வயர் வைத்ததா?

வயர் வைத்தது. குழாய் வெடித்தால் கொதிக்கும் ஆயில் காலில் கொட்டும். ஒற்றை வயர் சென்சார் என்றால் திருகில் டெஃப்லான் டேப்பைச் சுற்றாதீர்கள், அந்தத் திருகு வழியாகக் கிடைக்கும் எர்த் கெட்டுவிடும்.

வயரிங் முழுவதையும் மாற்றவா, கெட்டுப்போன இடத்தில் மட்டும் ஒட்டுப் போடவா?

ஒரு வயரை விரலில் சுற்றிப் பாருங்கள். மேல்தோல் உதிர்ந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள், ஒட்டுப் போடுவதில் அர்த்தமே இல்லை. வளைந்து கொடுத்தால் பழைய ஒட்டுகளை மட்டும் பிரித்து, சரியான பிளையரால் கிரிம்ப் செய்து (இணைப்பானை நசுக்கி இறுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். வெறும் கருப்பு டேப் வேண்டாம், டேஷ்போர்டு வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். ஃப்யூஸ் அளவை வயரின் தடிமன் பார்த்து முடிவு செய்யுங்கள். ஃப்யூஸ் காப்பது வயரைத்தான்.

எல்லாம் புதிது. ஹெட்லைட் போட்டால் மீட்டர் முள் எல்லாம் ஆடுகிறது.

எர்த். கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் சேசிஸோடு உலோகத் தொடர்பு சரியாக இருக்காது. எஞ்சினிலிருந்து கேபினுக்கு ஒன்று, சேசிஸுக்கு ஒன்று எனப் பின்னிய கம்பியாலான எர்த் பட்டை போடுங்கள். மீட்டர் போர்டுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுங்கள். இறுக்கும் இடத்தில் பெயிண்டை உலோகம் பளபளக்கும் வரை சுரண்டுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் பெரும்பாலும் அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.