புகை நிற ஜாடி ஹோர்போவிதானா?

கேள்வி: மூன்று வருடமாக போலந்தில், கிராக்கோவ் நகரில் வேலை பார்க்கிறேன். பழைய போலந்துக் கண்ணாடிச் சாமான்கள் மேல் ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹாலா தர்கோவா சந்தையில் புகை நிறத்தில் ஒரு கனமான பூச்சாடி பார்த்தேன். உயரம் 20 செ.மீ. இருக்கும். வெளிப்பக்கம் முழுக்கப் புடைப்பு வேலை. வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகுகிறது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. அடியில் விரிசல் மாதிரி சின்ன வளைகோடு. உள்ளே வெள்ளைப் படலம். ஸ்டிக்கர், கையெழுத்து எதுவும் இல்லை. கடைக்காரர் “ஹோர்போவி வடிவமைத்தது” என்று சொல்லி 450 ஸ்லோட்டி கேட்கிறார். வாங்கலாமா? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மதுரையில் அம்மாவிடம் கொடுக்க நினைக்கிறேன்.
– ஒரு வாசகி, கிராக்கோவ்

பதில்: ஹோர்போவி என்ற பெயருக்காக அந்த விலை கொடுக்காதீர்கள். ஜாடியில் குறை என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் வேறு ஒரு வகைக் கண்ணாடியைக் காட்டுகின்றன. அதுவும் சேகரிக்கத் தகுந்ததுதான்.

ஸ்பிக்னியெவ் ஹோர்போவி வ்ரோட்ஸ்வாஃப் கலைக் கல்லூரியில் படித்தவர். 1960-களில் ஷ்சித்னா ஊரிலிருந்த ‘சுதேத்தி’ கண்ணாடி ஆலைக்கும், பிறகு பொலானிட்சாவிலிருந்த ‘பார்பரா’ ஆலைக்கும் வடிவமைத்தவர். அவருக்குப் பேர் வாங்கித் தந்த ஜாடிகள் ஊதிச் செய்தவை: வழுவழுப்பான உடம்பு, எளிய வடிவம், புகை நிறம், தேன் நிறம், பச்சை, நீலம். அழகே அந்த நிறத்திலும் உருவத்திலும்தான். மேலே புடைப்பு வேலை செய்து நிரப்பும் வழக்கம் அவருடையது அல்ல. போலந்தில் புகை நிறக் கண்ணாடி எதைப் பார்த்தாலும் அவர் பெயரைச் சொல்லி விற்பது இப்போது சந்தைப் பழக்கமாகிவிட்டது.

உங்கள் ஜாடி அழுத்தி வார்த்தது. இதை முடிவு செய்ய ஸ்டிக்கர் தேவையில்லை, உங்கள் விரல்களே போதும். அழுத்தி வார்க்கும்போது, உருகிய கண்ணாடிக் கட்டி ஒன்றை இரும்பு அச்சுக்குள் விட்டு, மேலிருந்து ஓர் உலக்கையை இறக்குவார்கள். வெளியே அச்சின் உருவம் பதியும், உள்ளே உலக்கையின் உருவம். அழுத்தி முடிந்ததும் அந்த உலக்கை வெளியே வந்தாக வேண்டும். அதனால் உட்புறம் வாயில் அகன்றும் கீழே குறுகியும்தான் இருக்க முடியும். வெளியே எவ்வளவு மேடு பள்ளம் இருந்தாலும் உள்ளே விரலுக்கு வழவழவென்று இருக்கும். ஊதிச் செய்த ஜாடியில் அப்படி இல்லை. வெளியே வயிறு புடைத்தால் உள்ளேயும் புடைக்கும், கழுத்து குறுகலாகவும் இருக்கலாம். நீங்கள் சொன்ன மேலிருந்து கீழான கோடுகள் அச்சின் துண்டுகள் சேருமிடத்தில் விழுந்த தையல்கள். இந்தக் கோட்டை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. அச்சுக்குள் ஊதிய ஜாடியிலும் தையல் விழும், அச்சுக்குள் சுழற்றிக்கொண்டே ஊதினால்தான் மறையும். ஆகவே உட்புறத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அழுத்தி வார்த்த போலந்துக் கண்ணாடி என்றால் முதலில் நினைக்க வேண்டிய ஆலை ஸோம்ப்கோவித்ஸே. யான் சில்வெஸ்டர் டிராஸ்ட், எரிகா த்ஷெவிக்-டிராஸ்ட் என்ற கணவன் மனைவி இருவரும் அங்கே வடிவமைத்தார்கள். மலிவான, எல்லா வீட்டிலும் இருந்த வார்ப்புக் கண்ணாடியை பட்டை தீட்டிய வெட்டுக் கண்ணாடியின் போலியாக வைத்திருக்காமல், அதற்கென்று தனி முகம் கொடுத்தவர்கள். யான் டிராஸ்டின் ‘ஆஸ்டிராய்டு’ வரிசையைப் பாருங்கள், உருண்டை உருண்டையான புடைப்புகளில் வெளிச்சம் பட்டு ஜாடி முழுக்க மினுங்கும். வீட்டில் வைத்துப் பழக ஹோர்போவியைவிட இதுவே நல்ல தொடக்கம் என்பது எங்கள் கருத்து.

ஆனால் டிராஸ்ட் என்றும் அவசரமாக முடிவு செய்யாதீர்கள். செக் நாட்டில் 1965-இல் ‘ஸ்க்லோ யூனியன்’ என்ற நிறுவனத்தின் கீழ் வந்த ஆலைகள் இதே காலத்தில் இதே முறையில் நிறைய ஜாடிகள் வார்த்தன. ஃப்ரான்டிஷெக் விஸ்னர், அடால்ஃப் மதுரா போன்றவர்களின் வடிவங்கள் போலந்துச் சந்தைகளில் போலந்துப் பொருளாகவே கைமாறுகின்றன. ஆலையில் வரிசையாக வார்த்தவற்றில் பெரும்பாலும் கையெழுத்து இருக்காது. காகித ஸ்டிக்கரும் முதல் கழுவலிலேயே போயிருக்கும், வேறு ஜாடியிலிருந்து எடுத்தும் ஒட்டலாம். நம்பகமான வழி அளவுதான். உயரம், வாயின் விட்டம், அடியின் விட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் எடுத்து, ஆலையின் பழைய விற்பனைப் பட்டியல் படங்களோடு ஒப்பிடுங்கள்.

அளவெடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வாய் விளிம்பு உடைந்த ஜாடியைத் தேய்த்து மட்டமாக்கி விற்பார்கள், உயரம் சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும். வார்த்த ஜாடியின் விளிம்பைப் பொதுவாகத் தீயில் காட்டி முடிப்பதால் தொட்டால் உருண்டையாக, மெத்தென்று இருக்கும். தட்டையாக, ஓரம் சுருக்கென்று இருந்தால் விட்டுவிடுங்கள். விளிம்பைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டுங்கள், கண்ணுக்குத் தப்பிய சில்லு நகத்துக்குத் தப்பாது.

அடியில் இருக்கும் வளைகோடு பெரும்பாலும் கத்தரித் தழும்பாக இருக்கும். உருகிய கட்டியைக் கத்தரியால் வெட்டி அச்சுக்குள் விடும்போது வெட்டுப்பட்ட இடம் சற்று ஆறிவிடும், அந்தச் சுருக்கம் கண்ணாடிக்குள் தங்கிவிடும். அது குறை அல்ல. விரிசலா என்று பார்க்க செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஜாடியைத் திருப்புங்கள். விரிசல் என்றால் ஒரு கோணத்தில் உள்ளே கண்ணாடித் தாள் வைத்ததுபோல் பளிச்சென்று அடிக்கும். தழும்பு எந்தக் கோணத்திலும் மங்கலான மடிப்பாகவே தெரியும். தட்டி ஓசை கேட்டு முடிவு செய்யாதீர்கள், தடித்த வார்ப்பு நல்ல நிலையில் இருந்தாலும் கணகணவென்று ஒலிக்காது.

வெள்ளைப் படலம்தான் உண்மையான கவலை. அது தண்ணீரின் உப்புக்கறையாக இருந்தால் போய்விடும். கண்ணாடியே அரித்திருந்தால் போகாது. இரண்டுமே ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் திரும்பத் தெரியும், அதனால் உலர்ந்த ஜாடியாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் தடவிப் படலத்தை மறைப்பவர்களும் உண்டு. டிஷ்யூ தாளை விட்டு உள்ளே ஒருமுறை துடைத்தால் பிசுக்கு தெரிந்துவிடும்.

கறையை எடுக்க மளிகைக் கடையில் ‘க்ஃபாசெக் சித்ரினோவி’ என்று கேளுங்கள், சிட்ரிக் ஆசிட்தான். 20 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, படலத்துக்கு மேல் நிற்கும்படி ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். மரப்பிடி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், மணல் போட்டுக் குலுக்க வேண்டாம். இரண்டு முறை செய்தும் அசையவில்லை என்றால் அது அரிப்பு. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. தங்கப் பூச்சோ வண்ணமோ உள்ள ஜாடியில் இதைச் செய்யாதீர்கள். டிஷ்வாஷரில் ஒருமுறைகூட வைக்காதீர்கள், சூடும் சோப்பின் காரமும் சேர்ந்துதான் இந்த அரிப்பை உண்டாக்கும். இந்தப் படலத்தைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேளுங்கள். பேச்சில் ஹோர்போவி பெயர் வரவே வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுவரும்போது கைப்பையில் வையுங்கள். உள்ளே காலுறை இரண்டைத் தளர்வாகப் போட்டு, வெளியே துணி சுற்றினால் போதும், இறுக்கித் திணிக்கக் கூடாது. ஜனவரிக் குளிரிலிருந்து வந்த தடித்த கண்ணாடியை உடனே வெந்நீரில் கழுவினால் வெடிக்கலாம். ஓரிரவு அப்படியே இருக்கட்டும்.

மதுரையில் பாலிதீன் சுற்றி பீரோவில் பூட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உள்ளே அடைபட்ட ஈரம் கண்ணாடியைக் கெடுக்கும். திறந்த அலமாரியில் இருக்கட்டும், ஆனால் தண்ணீர் நிரப்பி வெயில் படும் ஜன்னலில் வைக்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த ஜாடி பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கலாம். பூ வைப்பதானால் போர்த் தண்ணீரை நேராக ஊற்றாமல், உள்ளே அடங்கும் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் விட்டு அதில் வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் தேய்த்து எடுத்த கறை திரும்ப வராது.