வயதா, வெயிலா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 47. தினமும் மத்தியானம் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்துபோய்க் கூட்டி வருகிறேன். கன்னத்தில் மங்கு, கையெல்லாம் வறட்சி. வயதா, வெயிலா?

பதில்: இரண்டும்தான், அக்கா. தோலை 7 அடுக்காகப் பிரித்த பழங்கால ஆயுர்வேத மருத்துவர் சுஸ்ருதர் நிறத்தை முதல் அடுக்கான அவபாசினியில் வைக்கிறார்; நிறம் தருவது தோலில் இருக்கும் பிராஜக பித்தம், வெயில் அதைக் கிளப்பினால் கருமை ஏறும், அப்புறம் முதுமை நெருங்கி, உடலை உலர்த்தும் வாதம் கூடக் கூட ஈரம் போய்ச் சுருக்கம் விழும் என்பது ஆயுர்வேதக் கணக்கு. குளிக்க முன் இளஞ்சூடான நல்லெண்ணெய் தேயுங்கள், வறட்சிக்கு நல்லது. ஆனால் கொழும்பு மத்தியான வெயிலுக்கு எண்ணெய் காவல் இல்லை, குடையும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். முகத்தில் தேசிக்காய்ச் சாறு மட்டும் பூசவே வேண்டாம், வெயில் பட்டால் புண்ணாகி இன்னும் கறுக்கும். மச்சம் ஏதும் பெருத்தாலோ நிறம் மாறினாலோ உடனே தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.