ஸ்டேஷன் ரோடு, ஊரணி, பட்டா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரயில் நிலையங்களைச் சுற்றி நடக்கிற, நடக்கப்போகிற வேலைகளைப் பற்றியவை. ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் காரைக்குடி ஜங்ஷன் சேர்ந்திருக்கிறது. 2024-இல் ஊரும் மாநகராட்சி ஆகிவிட்டது. கேள்விகள் வருவது இயல்புதான். ஆனால் பாதிக் கடிதங்களில் புல எண் (சர்வே நம்பர்) இல்லை. "ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், வேப்பமரத்துக்கு எதிரே" என்று எழுதினால் எனக்கும் புரியாது, அலுவலகத்திலும் யாருக்கும் புரியாது. எதை எழுதினாலும் புல எண்ணோடு எழுதுங்கள்.

கே: ஸ்டேஷன் வாசலில் மழைக்கு ஒதுங்க இடமில்லை, ஆட்டோ நிற்கவும் இடமில்லை. மாநகராட்சியில் மனு கொடுத்தால் ரயில்வேயைக் கேட்கச் சொல்கிறார்கள். ரயில்வேயில் கேட்டால் மாநகராட்சியைக் கைகாட்டுகிறார்கள். (காரைக்குடி)

ப: இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. ரயில்வே எல்லைக் கல்லுக்கு உள்ளே மாநகராட்சியின் சொல் செல்லாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 11-ஆவது பிரிவு, வேறு சட்டம் என்ன சொன்னாலும் தன் வேலையைச் செய்துகொள்ளும் அதிகாரத்தை ரயில்வேக்குக் கொடுத்திருக்கிறது. கல்லுக்கு வெளியே உள்ள ரோடு மாநகராட்சியுடையதாக இருக்கும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதனால் முதலில் நேரில் போய் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மழைக் கூரை கல்லுக்கு உள்ளே வருகிறது என்றால் மதுரைக் கோட்ட மேலாளருக்கு ஒரு மனு. ஆட்டோ ஸ்டாண்டு வெளியே என்றால் மாநகராட்சி ஆணையருக்கு இன்னொரு மனு. ஒரே தாளில் இரண்டையும் எழுதியதால்தான் உங்களைப் பந்தாடுகிறார்கள்.

கே: ஸ்டேஷனைச் சுற்றி 500 மீட்டருக்கு அடுக்குமாடியாகக் கட்டப்போகிறார்களாமே, உண்மையா?

ப: 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட ஒரு கொள்கையில் இருந்து கிளம்பிய பேச்சு இது. போக்குவரத்து நிலையத்தில் இருந்து நடந்து போகிற தூரத்தில், அதாவது 500 முதல் 800 மீட்டருக்குள், கூடுதல் கட்டடப் பரப்பை அனுமதித்து மக்களை நெருக்கமாகக் குடியமர்த்தலாம் என்கிறது அது. முக்கியமாக மெட்ரோ ஓடும் நகரங்களை மனதில் வைத்து எழுதியது. அது கொள்கை மட்டும்தான், நம் ஊருக்குத் தானாகச் சட்டம் ஆகிவிடாது. நீங்கள் கண் வைக்க வேண்டியது செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும் 'நில உபயோக மாற்றம்' அறிவிப்பை. குடியிருப்பு வணிகமாக மாறுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதில் புல எண் இருக்கும், ஆட்சேபணைக்குக் கெடுவும் இருக்கும்.

கே: எங்கள் ஏரியாவில் ரோடு வருகிறது. என்ன செய்யலாம்?

ப: எந்த ஏரியா? எந்த ரோடு? யார் போடுகிறார்கள்? அடுத்த முறை முழுசாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

கே: மேம்பாலத்துக்கு நிலம் எடுப்பதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும்?

ப: நோட்டீஸின் நகலை வைக்காமல் கேட்டிருக்கிறீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பது அதன் முதல் இரண்டு வரியிலேயே இருக்கும். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் என்றால் 60 நாள். ரயில்வே சட்டத்தின் 20-டி பிரிவு என்றால் 30 நாள்தான். இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். கெடு முடிந்த பிறகு எனக்கு எழுதிப் பயனில்லை.

கே: எங்கள் வீடு கானாடுகாத்தானில். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பங்காளிகள் எல்லோரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறோம். பட்டா இன்னும் ஐயா பெயரிலேயே இருக்கிறது. நாளைக்குப் பின்தெருவை அகலப்படுத்தத் திட்டம் போட்டால் எங்களுக்குத் தெரிவிப்பார்களா? யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊரைத் தொட முடியுமா?

ப: முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்டு, ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு அரசிதழிலும் செய்தித்தாளிலும் அலுவலகப் பலகையிலும் வந்துவிட்டால் உங்களுக்குச் சொன்னதாகத்தான் கணக்கு. தனி நிலத்துக்கு என்று நோட்டீஸ் வந்தாலும் பட்டாவில் உள்ள பெயருக்குத்தான் வரும். உங்கள் பட்டா இன்னும் ஐயா பெயரிலேயே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பூட்டிய முகப்பில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தை யார் படிப்பது? பங்காளிகளுக்குள் ஆயிரம் மனத்தாங்கல் இருக்கட்டும், பட்டாவில் எல்லோர் பெயரையும் ஏற்றுங்கள். ஊரில் இருக்கும் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து வையுங்கள்.

யுனெஸ்கோ விஷயம்: 2014-இல் செட்டிநாடு சேர்ந்தது தற்காலிகப் பட்டியலில். அது ஒரு பெருமை, வாதத்துக்கு ஒரு பலம். அந்தப் பட்டியல் மட்டும் எந்தச் சுவரையும் காப்பாற்றாது.

கே: இருபது வருஷமாக ஸ்டேஷன் வாசலில் பணியாரக் கடை போட்டிருக்கிறேன். வேலை ஆரம்பித்தால் எடுத்துவிடுவார்களா அய்யா?

ப: உங்கள் தள்ளுவண்டி சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, அம்மா? 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் ரயில்வே நிலத்துக்குப் பொருந்தாது. உள்ளே நின்றால் ரயில்வேயின் தயவுதான். வெளியே மாநகராட்சி ரோட்டில் நின்றால் உங்களுக்கு உரிமை உண்டு. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று கொடுக்கும் வரை அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். உங்கள் பெயர் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கடையைப் பின்னணியோடு, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஸ்டேஷன் பக்கம் புதிய பார்க்கிங் வருகிறது. அருகில் ஊரணி இருக்கிறது. ஊரணியைத் தொட மாட்டோம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா? (ஊர் பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

ப: இருக்க முடியாது. ஊரணியைத் தொட மாட்டார்கள், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தொடுவார்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

நம் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் இந்த ஊர்களை வகுத்தார்கள். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) விழும் மழையை அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருவுக்கு வரும். தெருக்கள் நேர்க்கோடாக, லேசான சரிவில் ஓடும். தெருத் தண்ணீர் வரத்துக்காலில் சேரும், வரத்துக்கால் ஊரணிக்குப் போகும், ஊரணி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு வழியாக அடுத்த ஊரணிக்கோ கண்மாய்க்கோ போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசியில் இருக்கும் ஊரணி வெறும் பள்ளம்தான்.

திட்ட வரைபடத்தில் ஊரணி நீல நிறத்தில் அழகாக இருக்கும். வரத்துக்கால் இருக்காது. ஊரணி பெரிய புறம்போக்கு, அதற்குத் தனிப் புல எண் உண்டு. வரத்துக்காலோ நாலு முழ அகலம். சில இடத்தில் வாய்க்கால் புறம்போக்காக இருக்கும், சில இடத்தில் பட்டா நிலத்துக்கு நடுவே கோடாக மட்டும் ஓடும். முக்கால் வருஷம் காய்ந்து கிடப்பதால், சென்னையில் இருந்து வந்து ஒரு பகல் பார்த்துவிட்டுப் போகிற ஆலோசகரின் கண்ணுக்கு அது குப்பை கிடக்கும் பள்ளமாகத்தான் தெரியும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் வேறொரு ஊரில் பேருந்து நிலையம் கட்டினார்கள். அளவை எடுத்த குழுவில் நானும் இருந்தேன். கோடைக்காலம். தெற்கு மூலையில் ஒரு பள்ளம் இருந்தது, இரண்டு ஆடு அதில் படுத்திருந்தன. ஒரு பெரியவர் வந்து, "தம்பி, இது தண்ணி வர்ற வழி" என்றார். குறித்துக்கொண்டேன், ஆனால் இறுதி வரைபடத்தில் அது ஏறவில்லை. பள்ளத்தை மூடிச் சிமென்ட் தளம் போட்டார்கள். அடுத்த ஐப்பசியில் பக்கத்துத் தெருவில் முழங்கால் தண்ணீர். ஊரணியில் அந்த வருஷம் படி நனையக்கூடத் தண்ணீர் இல்லை. அந்தப் பெரியவர் சொன்னதை எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தாளை யாரும் ஒதுக்கியிருக்க முடியாது. வாயால் சொன்னதால் காற்றோடு போயிற்று.

கணக்கையும் பாருங்கள். ஒரு ஏக்கர் சிமென்ட் தரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமாராக 2 லட்சம் லிட்டர் தண்ணீர். மண் தரையாக இருந்தால் ஒரு பங்கைக் குடித்துவிடும். சிமென்ட் குடிக்காது. அந்த 2 லட்சம் லிட்டர் ஊரணிக்குப் போகிறதா, உங்கள் நடைவாசலுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு, திண்ணைப் படிகளில் இரண்டை ஏற்கெனவே புதைத்துவிட்டார்கள். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, செய்ய வேண்டியது. கிராம வரைபடம், புல வரைபடம், ஒவ்வொரு புல எண்ணும் என்ன நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு, மூன்றையும் எடுங்கள். நம் பகுதி சிவகங்கை ஜமீனில் இருந்தது. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மென்ட் காலத்து அ-பதிவேடு கிடைத்தால் அதுதான் உங்கள் பிரம்மாஸ்திரம். இப்போதைய பதிவில் 'சாலை' என்று இருக்கும் எண், அதில் 'வாய்க்கால்' என்று இருக்கக்கூடும். அலுவலகத்தில் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள். பொது நீர்நிலையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே நீர்வழி இருந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்தான்.

அப்புறம், அடுத்த மழையில் குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எங்கே திரும்புகிறது என்று பத்து நிமிஷம் செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் புல எண்ணைக் குறித்து மனுவோடு சேருங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "பார்க்கிங் தளத்தின் மழைநீர் எந்தப் புல எண் வழியாக எந்த ஊரணிக்குப் போகும்?" எழுத்தில் பதில் கேளுங்கள். வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே கேளுங்கள், கம்பி கட்டிய பிறகு அல்ல.

கே: விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் எங்கள் மனை மேல் 40 அடி ரோடு காட்டியிருக்கிறார்கள். முப்பது வருஷம் ஆகிறது. ரோடும் வரவில்லை, வீடு கட்டவும் விடவில்லை. (தேவகோட்டை)

ப: அதே 1971 சட்டத்தின் 38-ஆவது பிரிவைப் படியுங்கள். அறிவிப்பு வெளியாகி மூன்று வருஷத்துக்குள் நிலத்தை எடுக்க நடவடிக்கை இல்லை என்றால் அந்த ஒதுக்கீட்டில் இருந்து நிலம் விடுபட்டதாகக் கருத வேண்டும். ஆனால் யாரும் தாமாக வந்து விடுவித்துத் தர மாட்டார்கள். புல எண்ணோடு எழுதிக் கேளுங்கள், மறுத்தால் நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்.

கே: கிராம சபைத் தீர்மானம் ரயில்வேயைக் கட்டுப்படுத்துமா? (தேவகோட்டை ரஸ்தா)

ப: கட்டுப்படுத்தாது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அது ஊரின் குரல். ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. தீர்மானம் வாசித்த பிறகு புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கே: கருத்துக் கேட்புக் கூட்டம் எல்லாம் வேலை நாளில் காலை 11 மணிக்கு. எங்களைப் போல வேலைக்குப் போகும் பெண்கள் எப்படிப் போவது? இரவு பல்லவன் ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்கு நடப்பதே பயமாக இருக்கிறது.

ப: கூட்டத்தில் பேசுவதற்கும் எழுதிக் கொடுப்பதற்கும் மதிப்பில் வித்தியாசம் இல்லை. எழுத்துக்குத்தான் ஆயுசு அதிகம். நாலு பேர் சேர்ந்து ஓர் இரவு, பல்லவன் வரும் நேரத்தில், ஸ்டேஷனில் இருந்து உங்கள் தெரு வரை நடங்கள். எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது, எல்லாம் தேதி, நேரத்தோடு. அந்த ஒரு பக்கத்தை வார்டு உறுப்பினரிடமும் ஆணையரிடமும் கொடுங்கள். 2022-இல் இருந்து மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை கூட்டுகிறார்கள். அதை மாலையில் வைக்கும்படி எழுதிக் கேளுங்கள், நியாயமான கோரிக்கை. ஸ்டேஷன் திட்டம் போடுகிறவர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். நடந்து போகிறவர்கள் சொன்னால் மட்டுமே அவர்களுக்குத் தெரியும்.

கே: முந்நூறு கையெழுத்தோடு மனு கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. பதில் இல்லை. ரசீது வாங்கவில்லை. நகலும் இல்லை.

ப: புதிதாக ஒன்று எழுதுங்கள். முப்பது கையெழுத்துப் போதும். புல எண் போடுங்கள். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு படியிறங்குங்கள்.