கத்தோலிக்கராக இருந்துகொண்டே லிபர்டேரியனாக இருக்கலாமா?

வணக்கம்ங்க. திருப்பூரில் பனியன் யூனிட் நடத்துகிறீர்கள். தொழிலில் அரசு தலையிடவே கூடாது என்ற உங்கள் லிபர்டேரியன் கொள்கை திருச்சபைக்கு ஒத்துவராது என்று பங்குச் சாமியார் சொன்னதில் குழம்பியிருக்கிறீர்கள். பாதி தூரம் ஒத்துவரும்ங்க.

திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் தனிச்சொத்துரிமையை உறுதியாகக் காக்கிறது. 1931இல் திருத்தந்தை 11ஆம் பயஸ், சிறிய அமைப்பால் முடிகிற வேலையைப் பெரியது பிடுங்கிக்கொள்வது அநீதி என்றார். இதுவரை திருச்சபை உங்கள் பக்கம்தான்.

இடிப்பது கூலியில். உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் கூலியைப் பற்றி, "பீஸ் ரேட்டுக்குத் தொழிலாளி அவராகத்தான் ஒத்துக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கனமாக வாழும் தொழிலாளிக்கே போதாத கூலி, வேறு வழியில்லாமல் அவர் சம்மதித்திருந்தாலும், அநியாயம்தான் என்கிறார் லியோ. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தை வாங்கி, வாடகை, மளிகைக்கடை பாக்கி என்று விரல்விட்டு எண்ணும் ஓவர்லாக் டெய்லரை நினைத்துப் பாருங்கள். அவர் சொல்லும் 'சரிங்க' முழுச் சம்மதமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதற்காக எடுத்த எடுப்பில் அரசைக் கூப்பிடவும் லியோ சொல்லவில்லை. முதலில் சங்கங்கள் பேசட்டும், தேவைப்பட்டால் அரசு துணை நிற்கட்டும் என்கிறார். நம் ஊரில் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுவது அந்த வழிதான். அடுத்த பேச்சுவார்த்தைக்கு நீங்களும் போங்க.